குளுரு போகட்டுமுங்க

ஏற்காட்டிலேயே பீரைச் சூடாகக் குடித்த ஒரே மனிதர் ஒரு ஃபிரிட்ஜ் மெக்கானிக்.

சூடு என்றால் அடுப்பில் ஏற்றிக் கொதிக்கவிடுவதில்லை. அவ்வளவு கொடூரமான ஆளில்லை அவர். வாங்கிவந்த பாட்டிலை, ஓடிக்கொண்டிருக்கும் ஏதாவது ஒரு ஃபிரிட்ஜின் முதுகுப்பக்கம், அந்தக் கறுப்புக் கம்பிவலையை ஒட்டித் தரையில் வைத்துவிடுவார். உள்ளேயிருந்து பிடுங்கிய சூட்டையெல்லாம் ஃபிரிட்ஜ் வெளியே துப்புகிற இடம் அது. ஊரே ஃபிரிட்ஜுக்குள் வைக்கிற சமாச்சாரத்தை இவர் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் வைத்தார். ஏன் என்று கேட்டால், "குளுரு போகட்டுமுங்க" என்பார். எஸ்டேட் ரைட்டர் முதல் பஸ் கண்டக்டர் வரை அவரை அந்தப் பெயரில்தான் குறிப்பிட்டார்கள். "ஃபிரிட்ஜு ஓடலையா? அந்தக் குளுருபோகட்டுமைக் கூப்புடு." ஒரு ஃபிரிட்ஜ் மெக்கானிக்குக்கு இதைவிட மோசமான விளம்பரம் அமையாது.

ஏரிக்கு இறங்கும் சாலையில், சில்வர் ஓக் மரத்தடியில் அவருடைய தகரக் கொட்டகை. உயிர்போன ஃபிரிட்ஜுகள் உள்ளே வரிசையாக நிற்கும். ஒன்றில் அவருடைய சட்டைகள் மடித்துவைக்கப்பட்டிருக்கும். ஒன்றில் சாப்பாட்டுத் தூக்கு. முட்டை வைக்கும் குழிகளில் ஸ்குரூக்கள். கோடையிலும் கழற்றாத குரங்குக் குல்லாயை ஒரு பக்கம் மட்டும் தூக்கிவிட்டு, ஸ்குரூடிரைவரின் முனையைக் கம்ப்ரஸர் மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக்கொண்டு, "ஏனுங்க, எங்க நோவுது?" என்று கேட்பார். நேற்று வாங்கியதோ, மாமனார் சீதனமாகக் கொடுத்ததோ, எல்லா ஃபிரிட்ஜுக்கும் ஒரே மரியாதை.

நான் அந்தக் கொட்டகைக்கு மேலேயுள்ள மேட்டில் நாலு அறைகள் கட்டி, மலை பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறவன். அறைக்கொரு சின்ன ஃபிரிட்ஜ் இருந்ததால் அவரோடு நட்பைத் தவிர்க்க முடியவில்லை. வேடிக்கையாகப் பேசுவது என் தொழிலுக்கு உதவியது. வெந்நீர் வராத காலையில் சரியான ஜோக் ஒன்று விழுந்துவிட்டால் பாதிப்பேர் புகார் செய்ய மறந்துவிடுவார்கள். இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நான் பெரிய பயந்தாங்கொள்ளி. போலீஸ் ஜீப் எதிரே வந்தால், செய்யாத குற்றத்துக்கு மனசுக்குள் வக்கீல் தேட ஆரம்பித்துவிடுவேன்.

மலிவான பீருக்கு ஒரு விசேஷம் உண்டு. அது எப்போதும் பக்கத்து ஊரில்தான் நன்றாக இருக்கும். நம் ஊர் அரசாங்கக் கடையில் அன்றைக்கு எது இருக்கிறதோ அதுதான் கிடைக்கும், அது கழுநீர். எல்லையைத் தாண்டிவிட்டால் அமுதம். என் அறைகளுக்கு வரும் பெங்களூர்ப் பையன்கள் பாண்டிச்சேரி பீரைப் பற்றிக் கண்கள் சொருகப் பேசுவார்கள். பாண்டிச்சேரிக்காரர்கள் கோவாவைச் சொல்வார்கள். கோவா போய்வந்தவர்கள் பேச்சை நிறுத்தவே மாட்டார்கள். "அங்கெல்லாம் வெலையும் கம்மி, சரக்கும் ராஜாங்க" என்று ஒவ்வொருவரும் தங்கள் பெட்டியிலிருந்து ஒரு பாட்டிலை எனக்குப் பரிசாக விட்டுப்போவார்கள். நான் அதை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு இறங்குவேன்.

"அண்ணா, இது பெரிய பேரு வாங்குன சரக்காம்."

"இருக்கட்டுமுங்க. குளுரு போகட்டும்."

ஸ்டெபிலைசர் மேல் ஒரு கண்ணாடித் தம்ளரை வைத்து, பாதி ஊற்றிவிட்டு, அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வேலை செய்துகொண்டிருப்பார். நான் என் பங்கைச் சில்லென்று குடித்துவிட்டு, "அமுதமுங்கண்ணா!" என்பேன். அவர் சிரிக்கமாட்டார்.

"பல்லு கூசற குளுருல கஞ்சித்தண்ணியும் பீருதானுங்க தம்பி. நான் குளுரை வித்துப் பொழைக்கறவன். அது என்னென்ன மறைக்கும்னு எனக்குத் தெரியுமுங்க."

நுரையெல்லாம் அடங்கி, தம்ளர் வியர்ப்பதை நிறுத்திய பிறகு எடுப்பார். ஒரு மடக்கு. கண்ணை மூடிக்கொள்வார். தீர்ப்பு வரும். ஒன்று நனைந்த சாக்கு மாதிரி இருக்கிறது. ஒன்று எஸ்டேட்டில் காப்பிப் பழம் அலசிய தண்ணீர். 'ஸ்ட்ராங்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த ஒன்று, கனிந்து கறுத்த வாழைப்பழத்தில் சர்க்கரை போட்டது. கடைசியில் எங்கள் ஊர்க் கடையில் யாரும் சீந்தாமல் மூலையில் கிடந்த, பேரே வாங்காத ஒரு பாட்டிலைக் குடித்துவிட்டு, "வறுத்த ராகி வாசம் வருதுங்க. இவன் பொய் சொல்லலை" என்றார். அதற்குப் பிறகு நானும் அதைத்தான் வாங்குகிறேன். ஆனால் ஃபிரிட்ஜில் வைத்து. எனக்கு உண்மையைத் தாங்குகிற பல் இல்லை.

பீரோடு நிறுத்திக்கொண்டிருந்தால் அவரை ஒரு விசித்திரமான மனிதர் என்று விட்டுவிடலாம். எதையும் எடுத்தவுடன் நல்லது என்று சொல்லமாட்டார். காப்பி கொடுத்தால் ஆறவிட்டுக் குடிப்பார். "காப்பி ஆறணும், பீரு சூடாகணும். ரெண்டும் வந்து நிக்கற எடம் ஒண்ணுதானுங்க, அங்கதான் நெசம் இருக்குது." எஸ்டேட்டுக்குப் புது மேனேஜர் வந்து எல்லாரிடமும் சிரித்துப் பேசுகிறார் என்று ஊர் கொண்டாடினால், "ஒரு நாள் கரண்டு போகட்டுமுங்க, அப்பறம் பாக்கலாம்" என்பார்.

ஒருமுறை பழைய வேன் ஒன்றை வாங்க ஆசைப்பட்டேன். விற்கிற ஆள் தேனாகப் பேசினான். வண்டியும் ஏரியைச் சுற்றித் தேனாக ஓடியது. மெக்கானிக்கண்ணனைச் சும்மா துணைக்குக் கூப்பிட்டிருந்தேன். அவர், "கரடியூர் வரைக்கும் ஒருக்கா போயிட்டு வரலாமுங்க" என்றார். ஏற்றத்தில் பாதிதான் போயிருப்போம், முன்னாலிருந்து புகை கிளம்பியது. ஓட்டிக்கொண்டிருந்த நான்தான் முதலில் வெளியே குதித்தேன். விற்கிற ஆள் தேனை மறந்து, ஓட்டத் தெரியாத நாயே என்று என்னைத் திட்டினான். நான் அதையும் ஜோக்காக்கி, அவனுக்கே பீடி பற்றவைத்துக் கொடுத்து, புகை பிடிப்பதில் வேன் உன்னை மிஞ்சிவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். திரும்பி நடந்து வரும்போது அண்ணன் சொன்னார்:

"வண்டி வேண்டாமுங்க. அந்த ஆளும் வேண்டாம்."

"நான் எப்படிங்கண்ணா?" என்று இளித்தேன்.

என்னை ஒரு கம்ப்ரஸரைப் பார்ப்பது போலப் பார்த்தார். "உங்களுக்கு இன்னும் குளுரு போகலைங்க தம்பி."

அது எனக்கு உறைத்தது. வெளியே சொல்லிக்கொள்ளாமல், அதையும் நாலு விருந்தாளிகளிடம் ஜோக்காகச் சொல்லிவைத்தேன்.

அவர் தவறே செய்யாத ஞானி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மைசூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பீரை, "இதைக் குடிக்கறதுக்கு ஃபிரிட்ஜு கழுவுன தண்ணி மேலுங்க" என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். பிறகுதான், அந்தப் பாட்டிலைக் கொடுத்த பையன் அதைப் பல நாட்களாக ஜீப்பின் கண்ணாடிக்குக் கீழே வெயிலில் போட்டு வைத்திருந்தான் என்று தெரிந்தது. அண்ணனுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அப்புறம் குல்லாயைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். "அன்னிக்கு நான் சொன்னது தப்புங்க. அது அந்த பீரோட குத்தமில்லை." முதல் தீர்ப்பையே கேட்டிராதவர்களிடமும் போய்ச் சொன்னார். வாழ்நாளில் குடியைத் தொட்டிராத போஸ்ட்மாஸ்டர் அம்மா, "சரிங்க, மன்னிச்சுட்டேன்" என்று சொல்லி அனுப்பிவைத்தார்களாம்.

இப்படிப்பட்ட மனிதரை வைத்துக்கொண்டுதான் நான் என் மகளுக்குச் சம்பந்தம் பேச வேண்டியிருந்தது.

மகள் சென்னையில் வேலை பார்த்தாள். கூட வேலை பார்த்த பாண்டிச்சேரிப் பையனைப் பிடித்துப்போயிற்று. பையன் எங்களுக்கும் பிடித்தது. மிச்சமிருந்தது அவன் அப்பா ஒருவர்தான். அவர் வந்து, பார்த்து, சரி என்று சொல்லாமல் பையன் அசையமாட்டான். அவர் போனில் என்னிடம் பேசிய முதல் விஷயமே பீர்தான்.

"சார், உங்க ஊர்ல பீருன்னு ஒண்ணு விக்கிறாங்களே, அதைத் தொடாதீங்க. நான் எடுத்தாரேன் எங்க நண்டு. லேபிள்ல நண்டு படம் போட்டிருக்கும். முப்பது வருஷமா நான் வேற எதையும் வாயில வெச்சதில்ல."

அன்று மாலை மகள் கூப்பிட்டாள். "அப்பா, அவருக்கு அந்த நண்டுன்னா உசுராம். நல்லாருக்குன்னு சொல்லிருங்கப்பா. எதுத்துப் பேசினா மனசுல வெச்சுக்குவாராம்."

"உனக்காக மண்ணெண்ணெயைக் கொடுத்தாலும் சப்புக்கொட்டுவேன் கண்ணு."

"வெளையாடாதீங்கப்பா. எனக்குப் பயமா இருக்குது." கொஞ்சம் நிறுத்தி, "அந்த ஃபிரிட்ஜு மாமாவை மட்டும் அன்னிக்கு ஊட்டுப் பக்கம் வரவிடாதீங்க" என்றாள்.

"அவரு கொட்டகைக்கு நானே பூட்டுப் போட்டுடறேன்."

அவர்கள் வருகிற அன்று காலை, எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் செத்துப்போயிற்று. பாயசத்துக்கான பாலும் பூவும் உள்ளே இருந்தன. நான் தலையில் கைவைத்துக்கொண்டு யோசிப்பதற்குள், என் மனைவி, "ஏனுங்க, அண்ணனுக்குச் சொல்லிவுட்டுட்டனுங்க" என்றாள். வாசலில் குல்லாய் தெரிந்தது.

"அண்ணா, வேலை முடிஞ்சதும் பின்வாசல் வழியா அப்படியே..."

"ஏனுங்க தம்பி, நான் என்ன திருட வந்தவனுங்களா?"

அவரைச் சமையலறையில் விட்டுவிட்டு நான் பஸ் பிடித்து அடிவாரத்துக்கு ஓடினேன். பையனின் அப்பா மலைப்பாதையில் ஓட்டிப் பழக்கமில்லாதவர், வளைவுகளில் வழி சொல்ல நான் கூட வருவதாக ஏற்பாடு. காரில் ஏறி உட்கார்ந்ததும் அவர் பெருமையாக முதுகுப் பக்கம் கையைக் காட்டி, "டிக்கில பன்னெண்டு நண்டு. பழத்தட்டுக்கு அடியில" என்றார். வெளி மாநிலத்து பாட்டில்களை அப்படி அள்ளிக்கொண்டு வரக்கூடாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்கு உள்ளங்கால் வியர்த்தது. கார் சோதனைச் சாவடியில் நின்றது.

காக்கிச் சட்டைக்காரர் குனிந்து, வழக்கமாக எல்லாரிடமும் கேட்பதைக் கேட்டார். "வண்டியில பிளாஸ்டிக் பாட்டில் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"சத்தியமா இல்லைங்க சார்!" என்று கத்தினேன். "எல்லாமே கண்ணாடி பாட்டில்தானுங்க!"

பையனின் அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"என்ன கண்ணாடி பாட்டிலுங்க?"

"ஊறுகாய்ங்க."

"எத்தனை?"

"பன்னெண்டு."

"பன்னெண்டு பாட்டில் ஊறுகாயா?"

"பொண்ணு பாக்க வர்றாங்க சார். எங்க ஊட்டுல ஊறுகாய் நொம்பச் சாப்புடுவோமுங்க."

அவர் பின்சீட்டில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த பையனின் அம்மாவைப் பார்த்தார். என் கழுத்தில் ஓடிய வியர்வையைப் பார்த்தார். "பொண்ணோட அப்பாங்களா?"

"ஆமாங்க."

"போங்க, போங்க. ஊட்டுக்குப் போயி மொதல்ல ஒரு சொம்பு தண்ணி குடிங்க."

மேலே ஏறும்வரை பையனின் அப்பா ஹாரனை மட்டும்தான் பேசவிட்டார். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் என் மகளின் கல்யாணம் ஒரு சுற்று கீழே இறங்கிக்கொண்டிருப்பதாக எனக்குத் தோன்றியது. கடைசி வளைவு தாண்டியதும், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஊறுகாயா சார்?" என்று மட்டும் கேட்டார்.

வீட்டில் பெண்கள் கூடத்தில் உட்கார, சென்னையிலிருந்து நேராக வந்து காத்திருந்த பையனையும் சேர்த்துக்கொண்டு ஆண்கள் சமையலறைக்கு அடுத்த பின்அறைக்குப் போனோம். டிக்கியிலிருந்து வந்த பாட்டில்கள், பாண்டிச்சேரியிலிருந்து சேலம் வரைக்குமான வெயிலை வாங்கிக்கொண்டு, தொட்டால் இட்லிச் சட்டி மாதிரி இருந்தன.

"இதை ஃபிரிட்ஜுல வைங்க சார் மொதல்ல" என்றார் பையனின் அப்பா.

சமையலறையில், ஃபிரிட்ஜின் முதுகுக்குப் பின்னாலிருந்து குல்லாய் எழுந்தது. "இப்பத்தானுங்க ஓட ஆரம்பிச்சிருக்குது. குளுர சாயங்காலம் ஆயிருமுங்க."

"சாயங்காலம் வரைக்கும் என்ன பண்றது?"

"குளுரு எதுக்குங்க?" என்றார் அண்ணன்.

நான் நடுவில் பாய்ந்து ஒரு ஜோக் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. இன்னொன்று சொன்னேன். பையன் மட்டும் பாவம் பார்த்துச் சிரித்தான்.

"இது நண்டுங்க" என்றார் அவன் அப்பா, குரலில் எரிச்சல் ஏற. "இதைச் சூடாக் குடிக்கிறது பாவம்."

"ஒரு தம்ளர் மட்டும் ஊத்துங்க. நண்டு உசுரோட இருக்குதான்னு பாத்துருவோம்."

அவர் ரோஷத்தோடு பாட்டிலைத் திறந்தார். மலையெல்லாம் குலுங்கி வந்த பீர், பொங்கி அவர் வெள்ளைச் சட்டையை நனைத்தது. "வளைவெல்லாம் சுத்தி வந்திருக்குதுங்க. மயக்கம் தெளியட்டும்" என்று அண்ணன் தம்ளரை ஜன்னலில் வைத்துக் காத்திருந்தார். கதவோரம் என் மகள் வந்து நின்றாள். கையில் பாயசத் தட்டு. அவள் பார்த்தது என்னைத்தான். பல வருஷம் முன்னால் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டு வரும்போது அப்படிப் பார்ப்பாள்.

அண்ணன் தம்ளரை எடுத்தார். ஒரு மடக்கு. கண்ணை மூடினார். அந்த முகம் எனக்குத் தெரியும். இனிமேல் ஓடாது என்று ஆகிவிட்ட கம்ப்ரஸரைக் காதிலிருந்து எடுக்கும்போது வருகிற முகம்.

"ஏனுங்க, நெசத்தைச் சொல்லட்டுங்களா?"

நான் எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. "வேண்டாமுங்கண்ணா! சொல்லாதீங்க!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு ஜோக் தேடினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றும் கிடைக்கவில்லை.

"சார், இந்த பீரு நல்லாருக்குதா இல்லையான்னு எனக்குத் தெரியாதுங்க. நல்லாருக்குதுன்னு சொல்றதுக்குக் காலைல கண்ணாடி முன்னால நின்னு பழகினனுங்க. என் பொண்ணுக்கு உங்க பையனைப் புடிச்சிருக்குது. இது வேணும்னு அவ எங்கிட்ட வாய்விட்டுக் கேட்டதே இல்லைங்க, இதுதான் மொதல் தடவை. அது ஒரு பாட்டிலால கெட்டுப் போயிருமோன்னு பயமா இருக்குதுங்க. அடிவாரத்துலயும் பயம்தானுங்க. பயம் தெரியக்கூடாதுன்னுதான் சிரிச்சுக்கிட்டே இருக்கறனுங்க." வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அண்ணன் தம்ளரைக் கீழே வைத்தார். "தம்பிக்கு இப்பத்தானுங்க குளுரு போச்சு."

பிறகு பையனின் அப்பாவிடம் திரும்பினார். "உங்க நண்டு மோசமில்லைங்க. வெலைக்குப் பரவால்லை. பேருதான் ரெண்டு சுத்துப் பெருசு. ஆனா இந்த மனுசன்கூட நான் பல வருசமா பழகறேன். மேல எப்பவும் ஐஸைப் போட்டுக்கிட்டுத் திரிவாரு. அடியில என்ன இருக்குதுன்னு இன்னிக்குத்தான் பாத்தேன். நம்பிச் சம்பந்தம் பண்ணலாமுங்க."

பையனின் அப்பா ஒரு தம்ளரை எடுத்து, தானே ஊற்றி, அந்தச் சூட்டோடு ஒரு மடக்குக் குடித்தார். பல்செட் கழற்றிய பால்ய நண்பனை முதல்முறையாகப் பார்ப்பவர் போல முகம் போயிற்று. இன்னொரு மடக்குக் குடித்து உறுதிசெய்துகொண்டார்.

"முப்பது வருஷமா நான் ஐஸைத்தான் குடிச்சிட்டிருந்தனா?" என்றார்.

முதலில் அவர் தொப்பை குலுங்கியது. பிறகுதான் சத்தம் வந்தது. நனைந்த சட்டையோடு சிரித்துச் சிரித்து, மகனின் தோளைப் பிடித்துக்கொண்டார். "டேய், இவரு போலீசுகிட்ட ஊறுகாய்னு சொன்னாருடா! பன்னெண்டு பாட்டில்! ஒரு பொய்கூட ஒழுங்காச் சொல்லத் தெரியாத மனுஷன்டா. இந்த வீட்டுல பொண்ணு எடுக்கலாம்."

கதவோரம் என் மகள் சிரித்த சிரிப்பில் பாயசக் கிண்ணங்கள் தட்டில் கலகலவென்று ஆடின.

அண்ணன் இப்போது ஏற்காட்டில் இல்லை. முழங்கால் மலைக் குளிரைத் தாங்காமல் மகன் வீட்டோடு சேலத்துக்கு இறங்கிவிட்டார். அங்கே பீரைச் சூடாக்க ஃபிரிட்ஜின் முதுகு தேவைப்படாது, ஜன்னலே போதும். கொட்டகையில் இப்போது யாரோ சாக்லேட் விற்கிறார்கள். என் அறைக்கு வருகிறவர்கள் எந்த பீர் நல்ல பீர் என்று கேட்டால், இரண்டு பாட்டிலை வெளியே எடுத்துவைத்து, கொஞ்சம் பொறுங்கள் என்கிறேன். பைத்தியக்காரன் என்று பார்க்கிறார்கள். பொறுப்பவர்கள் குறைவு.

பாண்டிச்சேரியில் நடந்த கல்யாணத்தின் ஆல்பம் எங்கள் கூடத்தில் இருக்கிறது. பந்தி முடிந்து எடுத்த ஒரு படத்தில் எல்லாரும் ஐஸ்கிரீம் கரண்டியை வாயில் வைத்திருக்கிறோம், சம்பந்தி இரண்டு கிண்ணத்தோடு நிற்கிறார். ஓரத்தில், அந்த ஊர் வெயிலிலும் குல்லாயோடு, அண்ணன் தன் கிண்ணத்தை மேஜையில் வைத்து, கையைக் கட்டிக்கொண்டு, அது உருகி முடிப்பதற்காக மரியாதையோடு காத்திருக்கிறார்.